ஒரே மிதியில் நிற்கும் வண்டி

அம்பிட்டிய, கண்டி
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் கிருஷாந்திக்கு,

இங்கே நானும் நம் பிக்கப் வண்டியும் சுகமாக இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் ஆதிரைக் குட்டியும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டுமென்று காலையில் விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். கையில் போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நீ சிரிப்பது எனக்குக் கேட்கிறது. போனில் நீ பேசினால் நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன், நான் பேசத் தொடங்கினால் அங்கே குட்டி அழுகிறாள், இல்லாவிட்டால் உனக்கு வேலைக்கு நேரமாகிவிடுகிறது, பிறகு சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறோம். நீ கேட்டிருப்பதோ பெரிய கேள்வி. வண்டியை விற்றுவிட்டு வத்தளையில் பிரேமிளா சித்தியோடு போய் இருங்கள் என்கிறாய். நான் ஒவ்வொரு தடவையும் லீக்ஸ் கரட் விலையைப் பற்றிப் பேசித் தப்பித்துவிட்டேன். நம் வண்டியைக் காலங்காலமாகப் பழுதுபார்க்கிற கட்டுகஸ்தோட்டை அரூஸ் பாஸின் மகள் ரிஸ்மி, படிப்பதற்காக உங்கள் டொரொண்டோவுக்கே வருகிறாள். அவள் பெட்டியில் இரண்டு தேயிலைப் பக்கெட்டுக்கும் இந்தக் கடிதத்துக்கும் இடம் கேட்டு வாங்கியிருக்கிறேன். உனக்கான பதில் இதில் இருக்கிறது, நடுவில் தாவாமல் முதலிலிருந்து படி.

அன்றைக்கு ஹேவாஹெட்டப் பாதையில் நடந்ததை நான் உனக்குச் சொல்லியே இருக்கக்கூடாது. என் வாய் சும்மா இருக்காது, உனக்குத் தெரியும். சொன்னதுதான் சொன்னேன், பாதியோடு நிறுத்திவிட்டேன், மீதியையும் இப்போது சொல்லிவிடுகிறேன். கடைகளுக்குக் கொடுக்க மேலே தோட்டத்து ஆட்களிடம் போஞ்சிக்காயும் கரட்டும் ஏற்றிக்கொண்டு தலாத்துஓயாப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தேன். நல்ல மழை. முன்னால் ஒரு பஸ் நினைத்த இடத்திலெல்லாம் நிறுத்தி நிறுத்திப் போகிறது, நானும் மிதித்து மிதித்து வந்ததில் பிரேக் சூடாகிக் கருகல் வாடை அடித்தது. ஒரு வளைவில் மிதித்தால் கால் அடிவரைக்கும் போகிறது, வண்டி கேட்கவில்லை. இரண்டாம் மிதிக்கும் கேட்கவில்லை. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மலைப் பக்கத்து மண்ணில் உரசி நிறுத்தினேன். மற்றப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, அந்தப் பாதையில் வாந்தி எடுத்தே வளர்ந்த பிள்ளை நீ. இரண்டு மூட்டை போஞ்சி பாதையில் கொட்டிவிட்டது. தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்துகொண்டிருந்த பெண்கள் நின்று எல்லாவற்றையும் பொறுக்கிக் கட்டிக் கொடுத்தார்கள். அதில் ஒருத்தி மூட்டையை ஏற்றிவிட்டு, ஏக்கா இந்த மழையில தனியா வர்றீங்க, வீட்ல யாரும் இல்லியா என்று கேட்டாள். எனக்கு அழுகை வந்தது அந்தக் கேள்விக்குத்தான், பிரேக்குக்கு இல்லை.

நம் வண்டியின் பிரேக் எப்போதுமே இரண்டு மிதிப் பிரேக்தான். உன் அப்பா எனக்கு ஓட்டப் பழக்கியபோதே, மொத மிதி வண்டிக்குத் தகவல் சொல்றதுக்கு ராஜி, ரெண்டாவது மிதிதான் நிக்கிறதுக்கு என்று சொல்லித்தான் பழக்கினார். சீனி வியாதியில் அவர் கண் மங்கிப்போய், ஐம்பது வயதுக்கு மேல் நான் லைசென்ஸ் எடுத்து ஊரெல்லாம் வேடிக்கை பார்க்க இந்த மரக்கறி ஓட்டத்தைத் தொடங்கியபோது, அவர் இடது பக்கத்தில் உட்கார்ந்து எஞ்சின் சத்தத்தை வைத்தே எந்த வளைவு வருகிறது என்று சொல்லிக்கொண்டு வருவார். எனக்குக் கோபம் வரும், கண் தெரியாத நீங்க ஓட்டுங்க, நான் பக்கத்துல உக்காந்துக்கிறேன் என்று எத்தனை தடவை கத்தியிருக்கிறேன். அவர் போய் மூன்று வருடமாகியும் ஒவ்வொரு வளைவிலும் ரெண்டு மிதி ராஜி என்று எனக்குக் கேட்கும். அம்மாவுக்குப் பைத்தியம் என்று நினைக்காதே. வீட்டில் எனக்கு அவர் குரல் கேட்பதில்லை, வண்டியில் மட்டும்தான்.

அரூஸிடம் கொண்டுபோனேன். அவரும் முதலில் உன் கட்சிதான், வித்துருங்கக்கா, இந்த வயசுல ஒங்களுக்கு என்னத்துக்கு இந்தக் கஷ்டம் என்றார். வாங்குகிறவன் பிள்ளைகுட்டிக்காரனாக இருப்பான், இந்தப் பிரேக்கோடு அவனை எப்படி மலையில் விடுவது என்று நான் திருப்பிக் கேட்டேன். கொஞ்ச நேரம் வண்டியைச் சுற்றி நடந்துவிட்டு, அப்ப முன்னுக்கு டிரம்ம கழட்டிட்டு டிஸ்க் போடுவோம் என்றார். எனக்கு விளங்குகிற மாதிரிச் சொல்லச் சொன்னேன். டிரம் பிரேக் மூடிவைத்த சட்டி, உள்ளே ஏறின சூடு வெளியே போக வழியில்லை, சூடு கூடக் கூடப் பிடி விட்டுப்போகும். டிஸ்க் திறந்து கிடக்கிற தோசைக்கல், காற்றுப் பட்டுக்கொண்டே இருக்கும், இரண்டு பக்கமும் கட்டை வைத்து இடுக்கியால் பிடிப்பதுபோலப் பிடிக்கும். அடுப்படியில் நிற்கிறவளுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. நம் வண்டியின் ஜாதியிலேயே பிந்தி வந்த வண்டி ஒன்றைக் கொழும்பில் உடைத்துப் போட்டிருந்தார்கள், அதிலிருந்து முன் சக்கரச் சாமான்கள் ஒரு சோடியாகக் கிடைத்தன. அதோடு முடியவில்லை. மிதிக்கும்போது பழைய மாஸ்டர் சிலிண்டர் தள்ளுகிற ஒயில் புதுப் பிரேக்குக்குக் காணாது என்று அதையும் மாற்றினார். பிறகு பழைய ரிம் புதுப் பிரேக்கில் தட்டுகிறது என்று பெரிய ரிம் தேடினார். பின் சக்கரங்களுக்குப் பழைய டிரம்மே போதுமாம். கழற்றிய டிரம் ஒன்றை நான் கேட்டு வாங்கி வந்து மண் நிரப்பிப் புதினா நட்டிருக்கிறேன், நடுவில் ஓட்டை இருப்பதால் தண்ணீர் தேங்குவதில்லை.

வண்டி கராஜில் கிடந்த நாட்கள்தான் எனக்குத் தண்டனை. விடியுமுன்னே பழக்கத்தில் எழும்பிவிடுவேன், எழும்பிப் போக இடமில்லை. கடைக்காரர்கள் போனில் கோல் எடுத்து லீக்ஸ் எப்ப வரும் அக்கா என்று கேட்டார்கள், லீக்ஸைத்தான் கேட்டார்கள். ஒருநாள் பின்னேரம் யோசித்துப் பார்த்தால் காலையிலிருந்து நான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை என்று தெரிந்தது. பேச்சு வருகிறதா என்று பார்ப்பதற்காகவே கீழ்க் கடைக்கு இறங்கிப்போய்த் தேவையில்லாத ஒரு தீப்பெட்டி வாங்கினேன். மறுநாளும் வாங்கினேன். இப்போது வீட்டில் இருக்கிற தீப்பெட்டிகளால் கண்டி முழுவதற்கும் விளக்கேற்றலாம். வத்தளைக்குப் போனால் ஆள் பேர் இருக்கும் என்கிறாய். பிரேமிளா வீட்டில் எனக்கு உட்கார ஒரு கதிரை இருக்கும், நல்ல மனுசி, சாப்பாடும் நேரத்துக்கு வரும். ஆனால் அங்கே என்னை யாரும் எதற்கும் எதிர்பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள், லீக்ஸுக்குக்கூட.

ஒரு வழியாக வண்டி தயாரானது. அரூஸ் பக்கத்தில் உட்கார்ந்துவரக் கட்டுகஸ்தோட்டைப் பாலத்துப் பக்கம் ஓட்டிப் பார்த்தேன். ஒரு நாய் குறுக்கே வந்தது. வழக்கம்போல் தகவல் சொல்ல ஒரு மிதி மிதித்தேன், வண்டி அந்த இடத்திலேயே நின்றுவிட்டது, அரூஸின் தொப்பி டாஷ்போர்டுக்குப் போய்விட்டது, நான் பழக்கத்தில் இரண்டாவதையும் மிதித்து வைத்தேன். பின்னால் வந்த த்ரீவீலர்காரன் என் வயதையும் என் அடுப்படியையும் சேர்த்துச் சிங்களத்தில் திட்டிவிட்டுப் போனான். அரூஸ் தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டு, அக்கா, இனி ஒரு மிதி போதும், மத்தத மறந்துருங்க என்றார். அவர் சொன்னது பிரேக்கை. இரண்டாவது மிதி உன் அப்பாவுடைய மிதி, பிள்ளை. அதை மறப்பதற்கா இவ்வளவு பாடுபட்டேன் என்று வீடு வரும்வரை யோசித்தேன். இதை அரூஸிடம் சொல்ல முடியாது, பிரேமிளாவிடம் சொன்னால் யாராவது சாமியாரிடம் கூட்டிப்போவாள், அதனால் உன்னிடம் சொல்கிறேன்.

அடுத்ததைக் கேட்டு நீ சிரிக்கலாம், மாப்பிள்ளையிடம் மட்டும் சொல்லாதே. வெள்ளிக்கிழமை காலையில் வண்டியைக் கழுவி, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, பொட்டு வைக்கப் போனேன். பழைய டிரம்முக்கு முகமே கிடையாது, இந்த டிஸ்க் ரிம் ஓட்டைக்குள்ளிருந்து வெள்ளித் தட்டைப்போல் மினுங்குகிறது. வண்டியில் புதிதாக வந்ததே அதுதான், அதற்குப் பொட்டு இல்லாமல் பொனட்டுக்கு வைத்து என்ன பிரயோசனம். சந்தனம் அந்த மினுக்கத்தில் நிற்காமல் வழிந்தது. ஆகவே குங்குமத்தை நல்லெண்ணெயில் குழைத்து, கையை உள்ளே விட்டு, ஆசையோடு அப்பினேன். இடது பக்கம் அப்பா உட்காருகிற பக்கமல்லவா, அதற்குத் தாராளமாக வைத்ததில் வலது பக்கத்துக்குத் துளிதான் மிஞ்சியது. கோயிலுக்கென்று நம் வீட்டு இறக்கத்தில் இறங்கி மிதித்தேன். இடது சக்கரம் பிடிக்கவில்லை, வலது மட்டும் பிடித்தது, வண்டி வலதுபக்கமாக இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீர் ஓடும் கானுக்குள் மூக்கை விட்டு நின்றது. மெல்லப் போனதால் எனக்கும் ஒன்றுமில்லை, வண்டிக்கும் ஒன்றுமில்லை. அரூஸ் ஜும்மா முடிந்து வந்து சக்கரத்தைக் கழற்றினார். சிவப்பாக வழிந்திருந்ததைப் பார்த்து ஒயில்தான் கசிகிறது என்று பதறி, விரலில் தொட்டு மோந்து பார்த்தார். என்னக்கா செஞ்சி வெச்சீக்கிறீங்க, இது வழுக்கப் போட்ட சாமானில்ல, புடிக்கப் போட்ட சாமான் என்று தலையில் கைவைத்து நம் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு அவரே சிரித்தார். நானும் சிரித்தேன். இந்த வாசலில் சிரிப்புச் சத்தம் கேட்டு வெகுகாலம்.

எண்ணெய் குடித்த கட்டை இனி உதவாது என்று புதுக் கட்டை போட்டார். புதுக் கட்டை டிஸ்க்கோடு பொருந்திப் பழக வேண்டுமாம். திடீர் பிரேக் போடாமல், நீளமான இறக்கத்தில் மெல்ல மெல்ல மிதித்து, இடையில் ஆறவிட்டு ஓட்ட வேண்டும், கடுகண்ணாவையால எறங்கி மாவனெல்ல வரைக்கும் போய்ட்டுத் திரும்பி வாங்கக்கா என்றார். சனிக்கிழமை காலையில் போனேன். அந்த இறக்கம் முழுவதும் லொறிகள், பஸ்கள், எல்லோருக்கும் அவசரம். நான் ஒரு மிதி மிதிப்பேன், வண்டி சொன்ன பேச்சுக் கேட்கும், விடுவேன், அடுத்த வளைவில் இன்னொரு மிதி. கீழே இறங்கி முடிந்த பிறகுதான் தெரிந்தது, ஓர் இடத்தில்கூட நான் இரண்டாம் மிதி மிதிக்கவில்லை. அப்பா குரலும் கேட்கவில்லை. பக்கத்து ஆசனத்தைத் திரும்பிப் பார்த்தேன், அது வெறும் ஆசனமாக இருந்தது. மாவனெல்லையில் திரும்ப வேண்டிய இடம் வந்தது, நான் திரும்பவில்லை.

சத்தியமாகத் திட்டம் போட்டுப் போகவில்லை. கேகாலையில் திரும்பலாம் என்று நினைத்தேன், பிறகு வரக்காப்பொலையில் என்று நினைத்தேன், நிட்டம்புவ தாண்டி மினுவாங்கொடைப் பக்கம் திரும்பியபோது எங்கே போகிறேன் என்று எனக்கே தெரிந்துவிட்டது. கட்டுநாயக்க விமான நிலையத்துக்குத்தான் போனேன், கிருஷாந்தி. வண்டியை நிறுத்திவிட்டு, வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் வெளியே வரும் கதவுக்கு முன்னால் போய் நின்றேன். என் சேலையில் கிரீஸ், காலில் வீட்டுச் செருப்பு. சுற்றிவர மாலையும் பலூனும் பெயர் எழுதிய அட்டையுமாகச் சனம். கடமையில் நின்ற பொடியன் ஒருவன் யார் வருகிறார்கள் அம்மா என்று சிங்களத்தில் மரியாதையாகக் கேட்டான். துவ என்று என் வாயில் வந்துவிட்டது, மகள் என்று. எந்த விமானம் என்று கேட்டான். பலகையைப் பார்த்தேன், மேலே டோஹா என்று இருந்தது, டோஹா என்றேன். அது இறங்கிவிட்டது அம்மா, பெட்டி எடுத்துவரக் கொஞ்சம் சுணங்கும் என்று சொல்லி, எல்லோரையும் விலக்கி, கதவு நேராகத் தெரிகிற இடத்தில் கம்பியோரமாக என்னைக் கொண்டுபோய் நிறுத்தினான். நீ வரமாட்டாய் என்று தெரிந்தும் ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்தேன். வீட்டு வேலைக்குப் போய்த் திரும்பிய ஒரு பெண் பெட்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து பிள்ளையைத் தூக்கினாள், பிள்ளைக்கு அவளை அடையாளம் தெரியவில்லை, வீரிட்டு அழுதது, அவள் அதற்கும் சேர்த்து முத்தம் கொடுத்தாள். பிறகு கதவு திறப்பது குறைந்தது. மாலைகள் எல்லாம் போய்விட்டன. பொடியன் என்னைப் பார்ப்பது தெரிந்தது, நான் அவனைப் பார்க்கவில்லை. அவனாகவே கிட்ட வந்து, சிலவேளை விமானம் மாறித் தவறிப்போயிருக்கும் அம்மா, அடுத்ததில் வருவார் என்றான். ஆமாம் மகன், தவறிப்போயிருக்கும் என்று சொல்லிவிட்டு வந்து, வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். கண்டி வரைக்கும் ஏற்றம்தானே, திரும்பி வரும்போது பிரேக்குக்கு அவ்வளவு வேலை இருக்கவில்லை.

இன்று அரூஸ் வந்து பார்த்தார். கட்டை நல்லா புடிச்சீக்கி என்றார். பிறகு ஓடிய தூரம் காட்டும் மீட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மாவனெல்ல இப்ப கொஞ்சம் தூரமாப் போயிருச்சி போல என்றார். நான் தேநீர் போட எழும்பிப் போனேன். போகும்போது மட்டும், ரிஸ்மி போனா எங்களுக்கும் இப்பிடித்தான் அக்கா என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். வண்டியை விற்க மாட்டேன். வத்தளைக்குப் போக மாட்டேன். எனக்குத் தனிமை இல்லை என்று சொல்லவில்லை, நிறைய இருக்கிறது, போனில் கேட்டால் இல்லை என்பேன், இங்கே எழுதுவதுதான் உண்மை. ஆனால் நீ பயப்படுவது என் பிரேக்குக்கு இல்லை மகளே. அப்பா போனபோது ஆதிரை உன் வயிற்றில் இருந்தாள், டாக்டர் பறக்கக்கூடாது என்றுவிட்டார், அதில் உன் பிழை ஒரு துளியும் இல்லை, அப்பாவும் அப்படித்தான் சொல்லியிருப்பார். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு லீவுக்கும் நீ ஒரு காரணம் சொன்னாய், ஒவ்வொன்றும் நல்ல காரணம், நானும் சரி சரி என்றேன். நீ வராததற்கு அந்தக் காரணங்கள் காரணமில்லை. இந்த வீட்டுக்குள் வந்து அவர் இல்லாததைப் பார்க்க உனக்குப் பயம். நான் வத்தளையில் இருந்தால் நீ விமானத்தால் இறங்கிப் பக்கத்திலேயே என்னைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போய்விடலாம், கண்டிக்கு ஏற வேண்டியதில்லை. அதற்கு நான் விடமாட்டேன். எனக்கும் தினம் தினம் கதவைத் திறக்கும்போது பயம்தான், நான் தனியாகத் திறக்கிறேன். ஒரு தடவை நாம் இரண்டு பேரும் சேர்ந்து திறப்போம். வந்து அழு, கத்து, அவர் சேர்ட்டை எல்லாம் அலுமாரியிலிருந்து எடுத்து வெளியே போடு, நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். முன்னால் நீயும் குட்டியும் என்னோடு உட்காரலாம். மாப்பிள்ளை கோபிக்கக்கூடாது, அவருக்குப் பின்னால் பெட்டிகளுக்கு நடுவில் இடம் இருக்கிறது, மழை வந்தால் படங்கு போட்டு மூடிவிடுகிறேன்.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் துணையாக, நீண்ட ஆயுளோடு இருக்க அம்மாவின் ஆசீர்வாதம். குட்டிக்கு என் முத்தத்தைக் கொடு. ரிஸ்மி புது இடத்தில் தனியாக இருப்பாள், ஒருநாள் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போடு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, வரும்போது வேன் எதற்கும் சொல்லி வைக்காதே. தேதியை மட்டும் எனக்குச் சொல். கதவைத் தாண்டி வந்ததும் நேரே கம்பியோரம் பார், எங்கே நிற்க வேண்டுமென்று எனக்குத் தெரியும்.

உன் வரவுக்குக் காத்திருக்கும் அம்மா,
இராஜகுமாரி பெரியதம்பி